கிணற்றுத் தண்ணீரில் மருந்து இருக்கிறதா: எந்தச் சோதனைக்குக் காசு கொடுப்பது?

உடுமலைப்பேட்டைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். தென்னை, மக்காச்சோளம், ஒரு போகம் தக்காளி. பயிருக்கு மருந்து கலக்குவது கிணற்று மேட்டில்தான், தண்ணீர் அங்கேதானே இருக்கிறது. அடித்து முடித்ததும் டேங்கைக் கழுவி ஊற்றுவதும் அங்கேயே. வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவதும் அதே கிணற்றிலிருந்து. அப்பா காலத்திலிருந்து இப்படித்தான். இதில் யோசிக்க ஒன்று இருப்பதாக எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தபோது கேட்டாள்: "ஏண்ணா, இந்தத் தண்ணியக் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?" கொடுக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. மறுநாள் ஒரு குளிர்பான பாட்டிலைக் கழுவித் தண்ணீர் பிடித்துக்கொண்டுபோய் ஒரு ஆய்வகத்தில் கொடுத்தேன். நான்கு நாளில் அறிக்கை வந்தது. உப்பு கொஞ்சம் கூடுதல், கடினத்தன்மை கூடுதல், மற்றபடி குடிக்கலாம் என்று அடியில் எழுதியிருந்தது. நிம்மதியாக வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அதே தாளை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன், பூச்சிமருந்து பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சோதிக்கவே படாத ஒன்றை, 'இல்லை' என்று நான் படித்திருக்கிறேன்.

அதன் பிறகு அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களோடு உட்கார்ந்து பேசினோம். எங்கள் பக்கம் இருக்கும் இருபது சொச்சம் கிணறுகளையும் போர்களையும் சேர்ந்து சோதிப்பது என்று முடிவாகிவிட்டது. எப்படி என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. விசாரித்ததையும் படித்ததையும் வைத்து, இருக்கிற வழிகளை ஒப்பிட்டு நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று இங்கே எழுதுகிறேன்.

தேடுவது எவ்வளவு சின்னது

முதலில் அளவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றும் 33 அடி இருக்கும் ஒரு சதுரக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நிற்பது சுமார் 10 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீர் முழுவதிலும் 1 கிராம் மருந்துச் சரக்கு, அதாவது மருந்தில் உண்மையில் வேலை செய்யும் பொருள், கரைந்தால், லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஆகிறது. சாறு உறிஞ்சும் பூச்சிக்கு நாம் அடிக்கும் இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். மருந்தில் 5 மில்லி எடுத்தால் அதில் ஏறக்குறைய அந்த 1 கிராம் இருக்கிறது. ஒரு மூடி கவிழ்ந்தால் போதும். மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள் அடிக்கும் அட்ரசின் களைக்கொல்லியை எடுத்தால், ஏக்கருக்கு 200 கிராம் தூள். 50 சதவீதத் தூள் என்பதால் சரக்கு 100 கிராம். நூற்றில் ஒரு பங்கு மண்ணைத் தாண்டிக் கிணற்றுக்கு வந்தாலும் அதே 1 கிராம்தான். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 அட்ரசினுக்கு வைத்திருக்கும் வரம்பு, லிட்டருக்கு 2 மைக்ரோகிராம்.

"தண்ணி நல்லாத்தானுங்க இருக்குது, ஒரு வாசமும் இல்லியே" என்றார் பக்கத்துத் தோட்டத்து மாமா. இந்த அளவு மூக்குக்கும் நாக்குக்கும் எட்டாது. அது மட்டுமல்ல, வாசத்தை வைத்துப் பார்த்தால் தப்பான மருந்தின் மேல்தான் சந்தேகம் போகும். குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் போல மூக்கைத் துளைக்கும் மருந்துகள் பெரும்பாலும் மேல்மண்ணோடு ஒட்டிக்கொள்பவை. மழைத் தண்ணீரோடு எளிதில் கீழே இறங்காது, மண் அரித்து ஓடினால்தான் ஓடும். கீழே இறங்குவது தண்ணீரில் நன்றாகக் கரைந்து, மண்ணில் ஒட்டாமல், பல வாரம் அழியாமல் நிற்கும் சரக்கு. கஸ்டாஃப்சன் என்பவர் 1989-இல் இதற்கு ஒரு எளிய கணக்குத் தந்தார். மண்ணில் பாதியாகக் குறைய எத்தனை நாள், மண்ணோடு எவ்வளவு ஒட்டும் என்ற இரண்டையும் சேர்த்து ஒரு எண். 2.8-க்கு மேல் போனால் இறங்கும் மருந்து, 1.8-க்குக் கீழே இருந்தால் இறங்காத மருந்து. அட்ரசின், இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் மூன்றும் 3-ஐத் தாண்டுகின்றன. படைப்புழு வந்த 2018-இலிருந்து மக்காச்சோளத்தில் நாம் கைவைக்கும் குளோரன்ட்ரனிலிபுரோலும் இறங்கும் கூட்டத்தில்தான். குளோர்பைரிபாஸ் 1-ஐக்கூடத் தொடாது.

ஆனாலும் கணக்கை மட்டும் நம்பி உட்கார்ந்துவிட முடியாது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டி உருளைக்கிழங்கு விளையும் மணற்பாங்கான பகுதி. அங்கே ஆல்டிகார்ப் என்ற குருணை மருந்து போட்டார்கள். நிலத்தடி நீரைத் தொடுவதற்குள் சிதைந்துவிடும் என்றுதான் எதிர்பார்ப்பு. 1979-இல் கிணறுகளில் அது தென்பட்டது. அதன்பின் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகளைச் சோதித்தார்கள். 1,100-க்கும் கூடுதலான கிணறுகளில் அங்கே வைத்திருந்த வரம்பான 7 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. கணக்கு தப்பியதைக் காட்டிக்கொடுத்தது பாட்டிலில் பிடித்த தண்ணீர். எங்கள் ஊர் மணல் கிடையாது, செம்மண்ணும் அதற்குக் கீழே பாறையும். பாறை என்றதும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். வெடிப்பில் இறங்கும் தண்ணீர் மண்ணில் வடிகட்டப்படாமல் நேராக இறங்குகிறது. கிணற்றுக்குள் சைடு போர், அடியில் நேர் போர் என்று போட்டு வைத்திருக்கும் நாம், மேல் தண்ணீர் ஆழத்துக்குப் போக வழியும் வெட்டிக் கொடுத்திருக்கிறோம்.

கைக்கு எட்டும் மலிவான வழிகள்

முதல் வழி, நான் செய்த தப்பு: வழக்கமான குடிநீர்ச் சோதனை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள் உட்படப் பல இடங்களில் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். உப்பு, கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, இரும்பு, நைட்ரேட், கிருமி எல்லாம் தெரியும். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் எந்த வீடும் வருடம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பூச்சிமருந்துக் கேள்விக்கு மட்டும் இது பதில் இல்லை. 'குடிக்க உகந்தது' என்ற வரியை, 'நாங்கள் பார்த்த இந்த இருபது விஷயங்களில் உகந்தது' என்று படிக்கப் பழக வேண்டும்.

அந்த அறிக்கையில் ஒரு எண் நமக்குத் துப்புக் கொடுக்கும். நைட்ரேட். யூரியா போட்ட வயலிலிருந்து தண்ணீரோடு இறங்குவதில் முதல் ஆள் அதுதான். ஒரு கிணற்றில் நைட்ரேட் எகிறியிருந்தால், மேல்மண்ணுக்கும் அந்தக் கிணற்றுக்கும் நடுவே வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதே வழியில் மருந்தும் வரலாம். இதற்கான சோதனைப் பட்டைகள் விலை மலிவு, ஒரு நிமிட வேலை, எல்லாக் கிணற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். பட்டையில் வரும் எண் நைட்ரேட்டா, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் மட்டுமா என்று டப்பாவில் பார்த்துக்கொள்ள வேண்டும். நைட்ரஜன் கணக்கில் சுமார் 10 வந்தாலே வரம்பைத் தொட்டாயிற்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல தண்ணீர் என்று நினைப்பவர்கள் உண்டு.

நைட்ரேட்டை நம்புவதிலும் ஓட்டைகள் இருக்கின்றன. மாட்டுத் தொழுவமும் கழிவறைக் குழியும் கிணற்றருகே இருந்தால் அவையும் நைட்ரேட்டை ஏற்றும், அதற்கும் மருந்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆழமான போரில் காற்றுப்படாத தண்ணீரில் நைட்ரேட் தானாகவே குறைந்துவிடும், அங்கே மருந்து மட்டும் நிற்கலாம். டேங்க் கழுவிய தண்ணீர் நேராகக் கிணற்றில் விழுந்தால் நைட்ரேட் ஏறவே ஏறாது. அதனால் இதை எந்தக் கிணற்றை முதலில் பார்ப்பது என்று வரிசை போட வைத்துக்கொள்ளலாம், தீர்ப்புச் சொல்ல வைத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, நைட்ரேட் கூடிய தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு அதுவே ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். தங்கைக்கு நான் சொல்ல வேண்டியிருந்த முதல் பதில் இதுதான்.

அடுத்து, உடனே நிறம் மாறிக் காட்டும் கருவிப் பெட்டிகள். எங்கள் கூட்டத்தில் இளவட்டங்கள் இதைத்தான் விரும்பினார்கள், ஆன்லைனில் கிடைக்கிறது, பத்து நிமிடத்தில் பதில் என்று. இவற்றில் பல, நரம்பு நொதியை முடக்கும் மருந்துகளைப் பிடிக்கும் வகை. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் கூட்டம் மட்டும் அதில் மாட்டும். இமிடாகுளோபிரிட் அந்த நொதியைத் தொடுவதே இல்லை, அட்ரசினும் அப்படியே. காய்கறியில் எச்சம் பார்ப்பதற்கென்று வந்தவையும் இருக்கின்றன, கிணற்றுத் தண்ணீரின் மெல்லிய அளவுக்கு அவை போதாது. ஒரே ஒரு மருந்துக்கென எதிர்ப்பொருள் வைத்துச் செய்யும் சோதனை வேறு ஜாதி. அட்ரசினுக்கு அது 1 மைக்ரோகிராமுக்குக் கீழேயும் காட்டும், வெளிநாடுகளில் நூற்றுக்கணக்கான கிணறுகளைச் சல்லடை போட இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு மருந்துக்கு ஒரு பெட்டி, அதைப் படிக்கத் தெரிந்த ஆள் என்று பார்த்தால் எங்களைப் போன்ற இருபது கிணற்றுக் கூட்டத்துக்குக் கட்டாது. வாரக்கணக்கில் தண்ணீருக்குள் தொங்கவிட்டு உறிஞ்ச வைக்கும் மாதிரிப்பான்களும் உண்டு, அவை ஆராய்ச்சிக்காரர்களுக்கு.

ஆய்வகத்துக்குப் போவதென்றால்

சரி, பெரிய ஆய்வகம். கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிக்கொல்லி நச்சியல் ஆய்வகம் இருக்கிறது, தனியார் ஆய்வகங்களும் இருக்கின்றன. ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். இருபது கிணறு என்றால் பெரிய தொகை. அதனால் என்ன கேட்டு வாங்குகிறோம் என்பது முக்கியம். இங்கே இரண்டு தேர்வுகள்.

ஒன்று, 'ஐ.எஸ். 10500 படி பூச்சிமருந்துச் சோதனை' என்று கேட்பது. 2012-இல் வந்த அந்தத் தரத்தில் 18 மருந்துகளுக்கு வரம்பு இருக்கிறது: அட்ரசின், ஆல்ட்ரின், டி.டி.டி., லிண்டேன், எண்டோசல்பான், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ், மாலத்தியான், போரேட், 2,4-டி என்று போகும் பட்டியல். அரசு அலுவலகத்தில் போய்ப் பேச வேண்டுமென்றால் இந்தத் தாளுக்கு எடை உண்டு, வரம்பு தாண்டியதா இல்லையா என்று ஒரே வரியில் சொல்லும். குறை என்னவென்றால், இது பழைய மருந்துக் கடையின் பட்டியல். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் நிறுத்தியது. இன்று எங்கள் மருந்துக்கடை பில்லில் இருக்கும் இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம், குளோரன்ட்ரனிலிபுரோல் எதுவும் அந்தப் பதினெட்டில் இல்லை. கிணற்றுக்கு இறங்கும் குணம் அதிகம் உள்ள மருந்துகளே பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. பதினெட்டும் சுத்தம் என்று ஒரு தாள் வந்தால், முதல் அறிக்கையைப் பார்த்து நான் ஏமாந்த அதே ஏமாற்றம், இன்னும் கூடுதல் விலையில்.

இரண்டாவது, பல மருந்துகளை ஒரே ஓட்டத்தில் தேடும் சோதனை. கருவி இரண்டு வகை. ஆவியாகி ஓடும் மருந்துகளுக்கு ஜி.சி.-எம்.எஸ்., தண்ணீரில் கரையும் வகைக்கு எல்.சி.-எம்.எஸ். கையில் காசு ஒன்றுக்குத்தான் என்றால் எல்.சி. பக்கம் போங்கள் என்பேன். அட்ரசினும் இமிடாகுளோபிரிடும் மோனோகுரோட்டோபாஸும் அங்கேதான் நன்றாகத் தெரியும். எங்கள் பக்கம் தென்னைக்கு வேர் வழியாக மோனோகுரோட்டோபாஸ் கட்டிய காலம் அதிக தூரத்தில் இல்லை. பழைய குளோரின் மருந்துகளும் செயற்கைப் பைரித்ராய்டுகளும் ஜி.சி. வேலை, அவை மண்ணில் ஒட்டும் ஜாதி. கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் இரண்டிலும் சாதாரணமாக மாட்டாது, தனிச் சோதனை, தனிக் கட்டணம். இருநூறு மருந்து பார்க்கிறோம் என்று ஆய்வகம் சொன்னாலும் அந்த இரண்டும் அதில் இல்லாமல் இருக்கலாம். கேட்டால்தான் சொல்வார்கள்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: எத்தனை மருந்து பார்க்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன், எந்த அளவு வரைக்கும் உறுதியாக அளக்க முடியும் என்று கேளுங்கள். அளவிடும் வரம்பு என்பார்கள். நம் பக்கத்து ஆய்வகங்கள் பலவற்றில் எச்சச் சோதனை காய்கறிக்கும் ஏற்றுமதிச் சரக்குக்கும் வளர்ந்த தொழில். காய்கறியில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வரை பார்த்தால் போதும். அதையே தண்ணீரில் அப்படியே ஓட்டினால் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருப்பதெல்லாம் 'கண்டறியப்படவில்லை' என்று வரும். அட்ரசின் வரம்போ 2. நாலு மைக்ரோகிராம் இருக்கும் கிணறு, வரம்பைப் போல இரண்டு மடங்கு இருந்தும், சுத்தம் என்று சான்றிதழ் வாங்கிவிடும். தண்ணீருக்கென ஒரு லிட்டர் மாதிரியைச் சுருக்கிச் செறிவாக்கி, அல்லது நுட்பமான கருவியில் நேராக ஏற்றி, 0.1-க்கோ அதற்கும் கீழோ அளக்கிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்கும்போது, தண்ணீருக்கு இருக்கிறதா, காய்கறிக்கு மட்டுமா என்றும் சேர்த்துக் கேளுங்கள். அங்கீகாரம் கட்டிடத்துக்குக் கொடுப்பதில்லை, எந்தப் பொருளில் எந்தச் சோதனை என்று வரி வரியாகக் கொடுப்பது.

ஏன் 0.1? ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் எந்த ஒரு பூச்சிமருந்தும் 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, எல்லாம் சேர்ந்து 0.5-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறது. எந்த மருந்து எவ்வளவு நஞ்சு என்று பிரித்துப் பார்க்காமல், குடிநீரில் இது இருக்கவே வேண்டியதில்லை என்ற எண்ணத்தில் போட்ட கோடு. நம் ஐ.எஸ். 10500 மருந்துக்கு மருந்து உடல்நலக் கணக்குப் போட்டு வைத்தது, அதனால் குளோர்பைரிபாஸுக்கு 30 வரை விடுகிறது, மாலத்தியானுக்கு 190. ஒரே தண்ணீர் இங்கே தேறும், அங்கே தோற்கும். இரண்டுக்கும் நியாயம் உண்டு என்று ஒதுங்கிவிடலாம்தான். ஆனால் நம் நாட்டிலேயே பாட்டிலில் அடைத்து விற்கும் தண்ணீருக்கு 2003-இல் திருத்திய தரம் அதே 0.1, 0.5 தான். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு ஒரு கோடு, கிணற்றில் இறைத்துக் குடிக்கும் தோட்டத்துக் குடும்பத்துக்கு வேறு கோடு. எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை. எங்கள் அறிக்கைகளில் இரண்டு வரம்புகளையும் பக்கம் பக்கமாக எழுதிக்கொள்வது என்று வைத்திருக்கிறோம். பட்டியலிலேயே இல்லாத இமிடாகுளோபிரிடுக்கு 0.1 என்ற கோடு ஒன்றுதான் கையில் பிடிக்கக் கிடைக்கிறது.

சோதிக்காமல் விட்டுவிட்டு ஃபில்டர் வாங்கினால்?

இதுவும் ஒரு நேர்மையான தேர்வுதான், கூட்டத்தில் பெண்கள் இரண்டு பேர் இதைத்தான் சொன்னார்கள்: இந்தச் சோதனைக் காசுக்கு ஒரு ஆர்.ஓ. மிஷினே வந்துவிடுமே. வரும். ஆர்.ஓ. நைட்ரேட்டையும் பெரும்பாலான மருந்துகளையும் நன்றாகக் குறைக்கும். அதிலிருக்கும் கரிப்பொடி ஃபில்டர் மருந்துகளை உறிஞ்சும், ஆனால் நைட்ரேட்டை விட்டுவிடும். அதனால் வெறும் கரி ஃபில்டர் மட்டும் போதாது. கரி நிறைந்துபோனால் பிடிப்பதை நிறுத்திவிடும், அதை நாக்கு சொல்லாது. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீடு அறிக்கைக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே தண்ணீரை மாற்றிக்கொள்ளட்டும், இதில் விவாதமே வேண்டாம்.

நான் சோதனையை விடாததற்குக் காரணம், ஃபில்டர் ஒரு குடத்தைத்தான் காக்கிறது. கிணறு அப்படியே இருக்கிறது. மாடு குடிக்கிறது, வேலைக்கு வருகிறவர்கள் மோட்டார் குழாயிலேயே வாய் வைத்துக் குடிக்கிறார்கள், கிணற்றுக்குக் கிழக்கே இருக்கும் தோட்டத்துக்கு அதே ஊற்று போகிறது. எது எங்கிருந்து இறங்குகிறது என்று தெரிந்தால் நிறுத்த வழியுண்டு. தெரியாவிட்டால் வாழ்நாளெல்லாம் கார்ட்ரிட்ஜ் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தனித்தனியாகவா, சேர்ந்தா

என் மனதை முழுக்க மாற்றியது இந்தக் கேள்விதான். ஒவ்வொருவரும் தன் கிணற்றுக்கு ஒருமுறை மலிவான சோதனை செய்தால், இருபது தாள் சேரும், ஒன்றிலும் பதில் இருக்காது. அதே காசைச் சேர்த்துப் போட்டால் ஐந்தாறு கிணறுகளுக்கு நல்ல சோதனையை இரண்டு முறை செய்யலாம். நிலத்தடித் தண்ணீர் வேலி பார்த்து நிற்பதில்லை, ஆறு இடத்தில் சரியாகப் பார்த்தால் அந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரு படம் கிடைக்கும்.

ஒருவர் இன்னொரு யோசனை சொன்னார்: நான்கு கிணற்றுத் தண்ணீரை ஒரே பாட்டிலில் கலந்து கொடுத்துவிடலாமே, காசு கால்வாசி ஆகும். கெட்டிக்கார யோசனை, ஓரளவு நடக்கும். கலந்தால் ஒரு கிணற்றில் இருப்பது நாலில் ஒன்றாக நீர்த்துப்போகும். 0.1 இருந்தால் 0.025 ஆகி, கருவியின் கண்ணுக்குத் தப்பிவிடும். 2 இருந்தால் 0.5 ஆகி மாட்டிக்கொள்ளும், அப்புறம் நான்கையும் பிரித்துப் பார்க்கலாம். பாசனத்துக்கு மட்டும் உள்ள போர்களுக்கு இதற்கு நான் ஒத்துக்கொண்டேன். குடிக்கும் கிணற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் இப்படி வகுத்திருக்கிறோம். முதலில் எல்லாக் கிணற்றிலும் நைட்ரேட் பட்டை. கூடவே ஒவ்வொரு தோட்டமும் இரண்டு வருடத்து மருந்துக்கடை பில்லைக் கொண்டுவந்து, என்ன அடித்தோம், எந்த மாதம் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். எந்த மருந்தைத் தேடச் சொல்வது என்று ஆய்வகத்திடம் சொல்ல அந்த நோட்டுதான் ஆதாரம். அட்ரசின் பட்டியலில் இருந்தால் அது மண்ணில் சிதைந்து உண்டாகும் டெஸ்எத்தில் அட்ரசினையும் பார்க்கச் சொல்ல வேண்டும். தாய்ச்சரக்கு மறைந்த பின்னும் அது தண்ணீரில் நிற்கும். பிறகு ஆறு கிணறு தேர்வு: குடிக்கப் பயன்படுவது, நைட்ரேட் எகிறியது, மேட்டிலேயே மருந்து கலக்குவது, பள்ளத்தில் இருப்பது. ஒப்பிட்டுப் பார்க்க, மேட்டு நிலத்தில் மருந்தே படாத ஒரு மானாவாரிக் காட்டுக் கிணறும் அந்த ஆறில் ஒன்று.

எப்போது என்பதிலும் பேச்சு நீண்டது. கோடையில் எடுத்தால் தண்ணீர் வற்றி அடர்த்தி கூடியிருக்கும் என்றார்கள் சிலர். மழைக்குப் பின் எடுத்தால்தான் மேலிருந்து இறங்குவது தெரியும் என்றார்கள் சிலர். இரண்டும் சரி, அதனால்தான் இரண்டு முறை. முதல் முறை, விதைத்து மருந்தடித்த பின் ஐப்பசி மழை நன்றாக இரண்டு தடவை பெய்து, ஊற்றுக் கண் திறந்த ஓரிரு வாரத்தில். இரண்டாவது சித்திரையில். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் எங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் விடும் நாட்களில் எடுக்கக் கூடாது, கசிவுத் தண்ணீர் கிணற்றில் சேர்ந்து எல்லாவற்றையும் நீர்க்க வைத்துவிடும்.

பாட்டில் விஷயத்தில் யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம். குளிர்பான பாட்டில் கூடாது, சில மருந்துகள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகம் தரும் பழுப்புக் கண்ணாடி பாட்டிலை வாங்கிக்கொள்ளுங்கள். போர் என்றால் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் நின்ற பழைய தண்ணீர் போன பிறகு, தொட்டிக்கும் ஃபில்டருக்கும் முன்னால் பிடிக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தில் எடுக்கக் கூடாது. மருந்தைத் தொட்ட கை அந்தப் பக்கமே வரக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கோ மறுநாளோ சேர்த்துவிட வேண்டும். சுத்திகரித்த தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் அடையாளம் சொல்லாமல் கூட அனுப்பப் போகிறோம். அதிலும் மருந்து இருப்பதாக வந்தால், குற்றம் கிணற்றுடையது இல்லை.

இவ்வளவுக்கும் நடுவே, வெளிப்படையாகப் பேசக் கஷ்டமான ஒன்று இருந்தது. எண் வெளியே தெரிந்தால் காய் விலை போகுமா, நிலம் விலை போகுமா, பக்கத்துக்காரன்மேல் பழி விழுமா. இந்தப் பயத்தைச் சின்னதாக எண்ணிவிட முடியாது, இதனாலேயே பல ஊர்களில் கிணறுகள் சோதிக்கப்படாமல் கிடக்கின்றன என்று நினைக்கிறேன். பாட்டில் நிரப்புவதற்கு முன்பே நாங்கள் ஒத்துக்கொண்டது: அறிக்கை முழுவதையும் ஆறு கிணற்றுக்காரர்களும் அந்தத் தண்ணீர் குடிக்கும் எல்லாரும் பார்க்கலாம். வெளியே பேசும்போது கிணற்றின் பெயர் சொல்லக் கூடாது, எண் மட்டும். வரம்பைத் தாண்டிய கிணற்றில் மறுபடி ஒருமுறை எடுத்து உறுதி செய்த பிறகே மேற்கொண்டு பேச்சு. அது குடிக்கும் கிணறாக இருந்தால் மட்டும் உறுதியாகும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே தண்ணீரை நிறுத்த வேண்டும்.

அறிக்கை எப்படி வந்தாலும் செய்யலாம் என்ற சில வேலைகளைத் தொடங்கிவிட்டோம். மருந்து கலக்கும் இடத்தைக் கிணற்றைவிட்டு நூறு அடிக்கு அப்பால் கொண்டுபோயிருக்கிறோம். கழுவும் தண்ணீரை அடித்த வயலிலேயே திரும்ப அடித்துவிடுகிறோம். சொட்டுநீர்க் குழாயில் வென்சுரி வைத்து உரமும் மருந்தும் விடுகிறவர்கள், கரண்ட் போனால் கலவை கிணற்றுக்குத் திரும்பாமல் இருக்க நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏழெட்டுத் தோட்டத்தில் அது இல்லவே இல்லை என்பது இந்தப் பேச்சில்தான் தெரிந்தது.

பட்டியலில் முதல் எண் என் கிணற்றுக்கு. கண்ணாடி பாட்டில்கள் வந்து திண்ணையில் இருக்கின்றன, மழைக்குக் காத்திருக்கிறோம். தங்கை குழந்தைக்கு அதுவரை திருமூர்த்தி அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர்தான். வாரம் மூன்று நாள் வருகிறது, அம்மா குடத்தில் பிடித்துத் தனியாக மூடி வைக்கிறாள்.